ஒரு ராத்திரி ஏழைகள்

2019 டிசம்பர் 7. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், வீட்டில் நல்ல மெத்தை வைத்திருக்கும் ஒரு பெருங்கூட்டம் வெட்டவெளியில் படுத்தது. வீடில்லாதவர்களுக்கு நிதி திரட்டுகிறார்களாம். தூங்குமுன் நடிகை ஹெலன் மிர்ரன் கதை படித்துக் காட்டினார். கல்தரையில் கிடப்பவனுக்கு இத்தனை நாளாகக் குறைந்தது கதைதான் போலிருக்கிறது.

காசு சேர்கிறதே, உனக்கென்ன வயிற்றெரிச்சல் என்பீர்கள். சேரட்டும். மெத்தையில் படுத்துக்கொண்டே அனுப்பினாலும் அதே காசுதான். ஆனால் அதற்கு செல்ஃபி ஏது? தூக்கப்பைக்குள்ளிருந்து சிவந்த மூக்கை மட்டும் நீட்டிப் படம் போட வேண்டும். விடிந்ததும் டாக்ஸி, வெந்நீர்க் குளியல். திங்கட்கிழமை அலுவலகத்தில் கைதட்டல்.

அதே நாட்டில் 1824-ல் வேக்ரன்சி சட்டம் என்று ஒன்று போட்டார்கள். நெப்போலியனோடு சண்டை போட்டுவிட்டு வந்து வேலையில்லாமல் திரிந்த சிப்பாய்களையும் விடாத சட்டம். வெட்டவெளியில் படுத்திருப்பவன், ஏன் படுத்திருக்கிறான் என்பதற்குத் தக்க காரணம் சொல்ல வேண்டும் என்றது, இல்லையேல் குற்றவாளி. சதுக்கத்துப் பிரபுக்களிடம் தக்க காரணம் இருந்தது. ‘எனக்கு வீடில்லை ஐயா’ என்பது அந்தப் பட்டியலில் வராது. சட்டத்தை நீக்க 2022-ல் நாடாளுமன்றமே முடிவெடுத்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர ஆண்டுக்கணக்கில் யாருக்கும் கை வரவில்லை.

2023-ல் உள்துறை அமைச்சர் சுவெல்லா பிராவர்மேன், தெருக்கூடாரங்களில் கிடப்பது பலர் தாங்களே தேர்ந்தெடுத்த வாழ்க்கைமுறை என்று திருவாய் மலர்ந்தார். (அம்மா வழியில் மொரீஷியஸ் தமிழர். பெருமைப்பட ஆசையுள்ளவர்கள் படலாம்.) அம்மையார் சொன்னதிலும் உண்மை உண்டு. லண்டனில் தாங்களே விரும்பி வெளியே படுத்தவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். கதை கேட்டுவிட்டுப் படுத்தார்கள்.

சரி, இருந்த வீடுகள் எங்கே? 1980-ல் தாட்சர் அரசு கொண்டுவந்த சட்டத்தால், நகராட்சி வாடகை வீடுகள் குடியிருந்தவர்களுக்கே தள்ளுபடியில் விற்கப்பட்டன. வாங்கியவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? விற்றவர்களைத்தான் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் மட்டும் கிட்டத்தட்ட 20 லட்சம் வீடுகள் போயின. போன அளவுக்குக் கட்டவில்லை. அரசாங்கம் கூரையைப் பிரித்து விற்றுவிட்டு, குடிமக்கள் உண்டியல் குலுக்குவதைப் பார்த்து மெச்சுகிறது!

எனக்கொரு யோசனை. ஒரு ராத்திரி குளிரில் படுக்க ஆளுக்கு 100 பவுண்டு ஸ்பான்சர் என்றே வைத்துக்கொள்வோம். நியாயமான ரேட்தான். சதுக்கத்துக்குப் பக்கத்து ஸ்ட்ராண்ட் தெருவில் கடைவாசலில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் படுக்கிறாரே, அவருக்கும் அதே ரேட்டைக் கொடுங்கள். கதை வேண்டாம், மேடை வேண்டாம். வருஷத்துக்கு 36,500 பவுண்டு. வீட்டு முன்பணத்துக்கு ஆயிற்று. இதுவரை படுத்த வருஷங்களின் பாக்கி பில்லை பிரதமர் குடியிருக்கும் டவுனிங் தெருவுக்கு அனுப்புவதா, உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவதா என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.