வாசலில் நடத் தகுந்த மரம் எது? – ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

ஆராயப்படாத பொருளே அருகிவிட்ட இக்காலத்தில், மலேசியாவின் செமினியில் தாமான் (குடியிருப்பு) வீட்டு வாசலில் கார் நின்றது போக மிஞ்சும் இடத்தில் எதை நடுவது என்ற கேள்வி மட்டும் அறிஞர் கண்ணில் படாமல் கிடக்கிறது. 'பருவத்துக்கேற்ற பூ, மண்ணுக்கேற்ற பூர்வீக மரம்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பருவம் எது, பூர்வீகம் எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. களம்: என் வீட்டு வாசல். நெறியாளர்: என் அம்மா.

2. பருவம்

தொல்காப்பியர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தார். செமினியில் இரண்டுதான்: சாயங்கால மழைக்கு முன், மழைக்குப் பின். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடும், அவ்வளவே. ஆகவே இங்கே பருவமலர் என்பது நாட்காட்டி பார்த்துப் பூப்பது: பொங்கல், தைப்பூசம், தீபாவளி.

அந்நாட்களில் பூமாலையை ஆள்வது துலுக்கச் சாமந்தி. அதன் தாயகமோ மெக்சிகோ. மலாயில் அதற்குப் பெயர் 'புங்ஙா தாஹி ஆயாம்', அதாவது கோழி எச்சப் பூ. இக்கண்டுபிடிப்பை நெறியாளரிடம் சமர்ப்பித்தேன். "சாமிக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு? போயி மாலையக் கட்டு" என்று குறிப்பெழுதினார்.

3. பூர்வீகம்

இங்குதான் ஆய்வு சிக்கலாகிறது. எங்கள் தாமான் எழும்புமுன் இங்கே ரப்பர்த் தோட்டம் இருந்தது. அம்மாவுக்கு மரம் என்றாலே ரப்பர்தான். ஆனால் அது பிரேசில் மரம். 1877இல் 22 நாற்றுகளாகச் சிங்கப்பூர் வந்திறங்கியது. அதன் பின்னால்தான் நம்மவர்கள் பால் வெட்டக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறினார்கள். ரப்பருக்குப் பதிலாக வந்த செம்பனையோ ஆப்பிரிக்கா.

செம்பருத்தியும் மலாயாவில் பிறந்ததல்ல. ஆனாலும் 1960இல் தேசிய மலராகிவிட்டது. வந்த பூவுக்குக் குடிமகனின் நீல அடையாள அட்டை கிடைத்த அதே நாட்டில், அந்தத் தோட்டத்திலேயே பிறந்தும் கடைசிவரை குடியுரிமையில்லாச் சிவப்பு அட்டையோடு இருந்தவர்கள் எங்கள் லயத்தில் உண்டு. தாவரவியல் இதை விளக்குவதில்லை.

சந்தேகமில்லாத பூர்வீகம் ஒன்று உண்டு: காப்பூர் மரம். சிலாங்கூரிலேயே காஞ்சிங் காட்டில் தானாக வளர்கிறது. நம் பூசைக் கற்பூரத்தின் பெயரும் இதன் பெயரும் ஒன்றே. கற்பூரத்துக்குப் பேர்போன சுமத்திராவின் பாருஸ் துறையில் தமிழ் வணிகர் 1088இலேயே தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆக, நமக்கும் இம்மரத்துக்கும் ரப்பரைவிடப் பழைய பழக்கம். கெப்போங் வன ஆய்வுக் கழகத்தில் அண்ணாந்து பார்த்தால், இம்மரங்கள் ஒன்றன் கிளை மற்றதன்மேல் படாமல் இடைவெளி விட்டு நிற்பது தெரியும். தெரஸ் வீட்டுக்காரர் கற்க வேண்டிய பண்பு.

குறை ஒன்றே: அறுபது மீட்டர் வளரும். வாசலின் அகலம் இருபது அடி.

4. கண்டுபிடிப்பு

பூர்வீகமாக இருக்க வேண்டும். வாசலுக்குள் அடங்க வேண்டும். பருவமில்லா ஊரில் ஆண்டு முழுக்கப் பூக்க வேண்டும். காசு கேட்கக் கூடாது. நான்கு நிபந்தனைக்கும் பொருந்தியது செண்டுடுக். ஊதாப் பூ, தின்றால் நாக்கைக் கறுப்பாக்கும் பழம். சாக்கடையோரம் தானாக முளைப்பது. புல் வெட்டுபவர் மாதாமாதம் வெட்டியெறிவதும் அதைத்தான். ஒரு செடியை வேரோடு பெயர்த்து வந்து, ஆய்வின் வெற்றியாக வாசலில் நட்டேன்.

5. முடிவு

மறுநாள் காலை அந்த இடத்தில் கறிவேப்பிலைக் கன்று நின்றது. "களையப் போயி யாராச்சும் வாசல்ல நடுவாங்களா? பக்கத்து வீட்டுல கேட்டா இதுல ஒரு கொத்து ஒடிச்சிக் குடுக்கலாம்" என்றார் நெறியாளர். பூர்வீகத்துக்கு இதைவிடத் தெளிவான இலக்கணத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

கறிவேப்பிலை இப்போது இடுப்புயரம். செண்டுடுக் சாக்கடையோரம் பூத்துக்கொண்டிருக்கிறது.