சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்த மாமா, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே ஆரம்பித்தார். "மாப்ளே, நீ என்னமோ சோஷியல் படிச்சல்ல?"

"சோஷியாலஜி மாமா."

"அதான், இந்த முதியோர் இல்லத்துக்கெல்லாம் போயி..."

"அது சோஷியல் ஒர்க்."

"ரெண்டும் ஒண்ணுதான். படிச்சு என்ன பிரயோஜனம்?"

நான் பி.ஏ. முடித்து 22 வருஷமாகிறது. அதற்குப் பிறகு வேலை வந்தது, கல்யாணம் வந்தது, சர்க்கரையும் வந்தது. இந்தக் கேள்வி மட்டும் போன பாடில்லை. அன்றைக்கு ஒரு நல்ல பதில் தோன்றியது. அதைச் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். ஆனால் வாயிலிருந்த சோற்றை நான் விழுங்குவதற்குள் மாமா அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அங்கே மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பன் ஒருவன், பாவம், சாம்பாருக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தான்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"சென்னைங்க சார்."

மாமாவின் கணக்கில் சென்னை ஓர் ஊரே அல்ல, விலாசம். "அது சரி, சொந்த ஊரு?"

"கும்பகோணம் பக்கம்."

"பக்கம்னா?"

பையன் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னான். மாமாவின் முகம் மலர்ந்தது. "அடடே, அங்க நமக்கு வேண்டியவங்க நெறைய பேரு. நீங்க எந்தத் தெரு?"

அந்தத் 'தெரு'வை எவ்வளவு இயல்பாகக் கேட்டார் தெரியுமா! ஏதோ கொரியர் அனுப்பப் போகிறவர் மாதிரி. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேல் இதே தஞ்சை மண்ணில் ஒரு கிராமத்துக்கு வந்து, அக்ரகாரத்திலேயே குடியிருந்து, தெருத் தெருவாக ஆராய்ந்து, 1965-ல் 'சாதி, வர்க்கம், அதிகாரம்' என்று புத்தகம் போட்டார். ஊருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயரும் வைத்தார். எங்கள் மாமாவிடம் மாட்டியிருந்தால் அந்த ஊரின் அசல் பெயர் மூன்றாவது கேள்வியில் வெளியே வந்திருக்கும். இன்னொரு சமூகவியலாளரான எம்.என். ஸ்ரீநிவாஸின் கிராம ஆய்வுக் குறிப்புகள் 1970-ல் அமெரிக்காவில் தீயில் எரிந்துபோயின. மனிதர் பெரும்பாலும் ஞாபகத்தை நம்பி ஒரு முழுப் புத்தகம் எழுதினார் என்று எங்கள் பேராசிரியர் நெஞ்சம் நெகிழச் சொல்வார். மாமாவிடம் எரிவதற்குக் குறிப்பே கிடையாது. மூன்று மாவட்டத்தின் தெருக்களும் மண்டைக்குள் இருக்கின்றன.

மூன்றாம் வருஷத்தில் நானும் கள ஆய்வுக்குப் போனேன். நாற்பது கேள்விகள், அட்டை, பேனா, தொப்பி. முதல் வீட்டில் "ரேஷன் கார்டுக்கா?" என்றார்கள். இரண்டாம் வீட்டில் நாய். அப்புறம் டீக்கடையில் உட்கார்ந்து நானே எல்லாவற்றையும் நிரப்பினேன். அதற்கு 72 மார்க் போட்டார்கள்.

இத்தனைக்கும் மாமாவின் வேலை சுலபமில்லை. வடக்கே என்றால் பெயரைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. இங்கே 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். ஊரும் மெல்ல மெல்ல உதறியது. பெருமையான விஷயம். ஆனால் வால் போனதோடு விட்டார்களா? வெறும் இனிஷியலை வைத்துக்கொண்டு பின்னால் இருப்பதைத் தோண்டியெடுக்கும் ஒரு கலையையே வளர்த்துவிட்டார்கள். எந்த ஊர், எந்தப் பக்கம், எந்தத் தெரு, குலதெய்வம் எது, அப்பா என்ன பண்றார், வீட்டில் கவிச்சி உண்டா? ஓரிடத்திலும் அந்த வார்த்தை வராது. நேராகக் கேட்டால் அநாகரிகமாம்!

பையன் தெருவைச் சொன்னான். கொஞ்சம் தயங்கிவிட்டு, சாம்பாரைப் பார்த்துச் சொன்னான்.

"ஓ... சரி சரி. சாப்பிடுங்க தம்பி" என்றார் மாமா. இலையைச் சற்றே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார்.

எனக்கு எரிச்சல் வந்தது அவர் புருவத்தைத் தூக்கியதற்காக இல்லை. அந்தப் புருவத்துக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது. புரிந்தது மட்டுமா, 'கும்பகோணம் பக்கம்' என்றபோதே நான் காதைத் தீட்டிக்கொண்டுவிட்டேன். தெருப் பெயர் வந்ததும் மாமாவுக்கு அரை நொடி முன்னால் விடை எனக்குத் தெரிந்துவிட்டது. இதற்கு எந்தக் கல்லூரியிலும் பாடம் கிடையாது. நான் பட்டம் வாங்கியவன் வேறு.

ரசம் வந்தது. மாமா மறுபடி என் பக்கம் திரும்பி, "ஆமா, என்ன கேட்டேன்? உன் படிப்பு..." என்றார்.

பையன் மோருக்குக்கூட இருக்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டான். அவனுக்கு வந்த பாயசத்தையும் மாமா தன் டம்ளரிலேயே வாங்கிக்கொண்டார்.