மானியம் சார்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்குக் காய்கறி வாங்கப் போகிறவர் இரண்டு இடிகளுக்குத் தயாராகப் போக வேண்டும். ஒன்று, கூட்டத்தின் இடி. இன்னொன்று, மானியம் சார். கூட்டத்திலிருந்து எப்படியாவது நழுவி வந்துவிடலாம்.

சாருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆதார் அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. வயது அறுபத்திரண்டு. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனிக்குக் கணக்கு எழுதி ஓய்ந்தவர். காலை ஏழரை மணிக்கு டீக்கடை வாசலில், பூக்காரம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மடியில் மஞ்சப்பை. அதுவும் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கம் ஆரம்பித்தபோது ஏதோ ஒரு விழாவில் இலவசமாகக் கிடைத்ததுதான். திட்டத்தில் வராத பொருளைச் சார் அவ்வளவு சுலபத்தில் தொடமாட்டார்.

"தம்பி, உங்களுக்கு என்ன வயசு?"

மற்றவர்கள் இப்படிக் கேட்டால் வீட்டில் பெண் இருக்கிறது என்று அர்த்தம். சார் கேட்டால் பையில் ஃபாரம் இருக்கிறது என்று அர்த்தம். வயது சொன்னதும் படிப்பு, படிப்பு சொன்னதும் சாதிச் சான்றிதழ், அப்புறம் ரேஷன் கார்டில் எந்த விலாசம் என்று வரிசையாக வரும். ஜாதகக்காரர் தோற்றுப்போவார். "எட்டாங்கிளாஸ் பாஸா? போதும். சென்ட்ரல் கவர்மெண்ட்டோட பி.எம்.இ.ஜி.பி. பொருந்துது, தொழில் கடனுக்கு மானியம். உற்பத்தின்னா அம்பது லட்சம் வரைக்கும், சேவைத் தொழில்னா இருபது லட்சம். டிகிரி வேற இருக்கா? அப்ப ஸ்டேட் கவர்மெண்ட்டோட நீட்ஸ் பாக்கலாம். அஞ்சு கோடி வரைக்கும் ப்ராஜெக்ட் போடலாம், இருபத்தஞ்சு பர்சென்ட் மானியம், எழுபத்தஞ்சு லட்சத்துக்கு மேல போகாது."

கேட்டுக்கொண்டிருப்பவர் கையில் அரைக் கிலோ கத்தரிக்காய் இருக்கும். எழுபத்தைந்து லட்சம் என்று கேட்டதும் அந்தப் பை தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும்.

"நல்லது சார். என்ன தொழில் பண்றது?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்."

இதுதான் சாரின் மூலமந்திரம். லாடம் கிடைத்ததென்று குதிரை வாங்கப் போனவனைப் பற்றி நம் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். சாருக்கு அந்தக் கதைக்குச் சிரிப்பு வராது. அவன் லாடத்துக்கு மூன்று கொட்டேஷன் வாங்கினானா என்றுதான் கேட்பார்.

சாரின் புலமைக்குப் பாதிக் காரணம் தாம்பரத்தின் பூகோளம். எங்கள் ஊர் அஞ்சல்காரருக்குச் சென்னை, ஆட்சியருக்குச் செங்கல்பட்டு, குப்பை அள்ளத் தாம்பரம் மாநகராட்சி. 2019 நவம்பர் வரை ஆட்சியருக்குக் காஞ்சிபுரமாக இருந்தது. 2021-இல் பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று அக்கம்பக்கத்து ஊர்களையெல்லாம் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். ஊரெல்லாம் பட்டாசு வெடிக்க, சார் மட்டும் துக்க வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அடுத்து ஊராட்சிகளையும் சேர்த்துவிடுவார்களோ என்ற கவலை. ஏனென்றால் பி.எம்.இ.ஜி.பி.யில் பொதுப் பிரிவுக்கு நகரத்தில் 15 சதவீதம் மானியம், கிராமத்தில் 25. பெண்கள், பட்டியலினத்தவர் போன்ற சிறப்புப் பிரிவுக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் கிராமம். நகராட்சி, மாநகராட்சி என்றால் நகரம்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் நின்றால் நமக்குப் பஸ்ஸும் தூசும் தெரியும். சாருக்கு அங்கே சதவீதம் தெரியும். "இது கார்ப்பரேஷன், பதினஞ்சு. நேரா போனா அகரம்தென் பஞ்சாயத்து, இருபத்தஞ்சு. மேற்கே போனா முடிச்சூர் இன்னும் பஞ்சாயத்துதான், உடனே போட்டுடணும்." சுற்றியுள்ள ஊராட்சிகளையும் மாநகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பும்போதெல்லாம் சொத்துவரி கூடுமே என்று ஊர்க்காரர்கள் கவலைப்படுவார்கள். சார் பத்து சதவீதத்துக்காகக் கவலைப்படுவார், அதுவும் இன்னும் பிறக்காத தொழிலுக்காக.

சாரிடம் வருகிறவர்கள் மூன்று ரகம்.

முதல் ரகம், ஆட்டுப் பண்ணைக்காரர்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு வலி வந்து, உத்திரமேரூர் பக்கம் தாத்தாவின் அறுபது சென்ட் நினைவுக்கு வந்தவர்கள். தேசிய கால்நடை இயக்கத்தில் ஆட்டுப் பண்ணைக்கு ஐம்பது சதவீத மானியம் உண்டு. நூறு பெட்டைக்கு ஐந்து கிடா என்று ஆரம்பித்து ஐந்நூறுக்கு இருபத்தைந்து வரை கணக்கு ஏறும். மானியமும் ஐம்பது லட்சம் வரை ஏறும். "ஐந்நூறா போட்டுடுங்க தம்பி" என்பார் சார், கூடுதலாக ஒரு பிளேட் பஜ்ஜி சொல்லும் குரலில். அப்படிப்பட்ட ஒருவரை நானே பொத்தேரியில் இறங்கி, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் பயிற்சிக்குப் போகச் சொன்னேன். ஆட்டுக்கொல்லி நோய் என்ற பெயரை அவர் கேட்டது அங்கேதான். தீவனத்துக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று கணக்குப் பார்த்ததும் அங்கேதான். திங்கள்கிழமை காலை பழையபடி அலுவலக வேனில் ஏறிவிட்டார். ஐந்நூறு ஆடுகள் பிழைத்தன.

இரண்டாவது ரகம், 'ஃபவுண்டர்'கள். தாடி, கறுப்பு டீ-ஷர்ட், முதுகில் லேப்டாப். இவர்கள் சாரை 'அங்கிள்' என்பார்கள், சார் இவர்களை 'சார்' என்பார். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என். கொடுக்கும் டான்சீட் ஆதார நிதி பத்து லட்சம். பெண்கள் தலைமையில் நடந்தாலோ, பசுமைத் தொழில்நுட்பமாகவோ கிராம வாழ்வாதாரத்துக்கு உதவுவதாகவோ இருந்தாலோ பதினைந்து லட்சம். சார் ஒரு பையனின் திட்டத்தைக் கவனமாகக் கேட்டார். ஃப்ளாட்டில் இருப்பவர்கள் பார்க்கிங் இடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயலி.

"வருமானம்?"

"ப்ரீ-ரெவின்யூ ஸ்டேஜ் அங்கிள்."

அப்படியென்றால் இன்னும் வரவில்லை என்று அர்த்தம் என நான் மொழிபெயர்த்தேன். சார் அசரவில்லை. "அம்மாவை ஃபவுண்டர் ஆக்கிடுங்க. காரை நிறுத்துற இடத்துல ரெண்டு தொட்டிச் செடி வைங்க. பசுமை, மகளிர், ரெண்டுலயும் பதினஞ்சு வந்துரும்." பையன் குறித்துக்கொண்டான். டான்சீட் தேர்வுக் குழுவில் உட்காருகிறவர்கள் முதல் கேள்வியாகவே தொட்டிச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கேட்பார்கள் என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது ரகம் வெகு அபூர்வம். ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருப்பவர்கள். இவர்களைக் கண்டால்தான் சாருக்குக் கொஞ்சம் நடுக்கம்.

செம்பாக்கத்தில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா ஒருவர் அப்படித்தான் வந்தார். வீட்டில் இருக்கும் இரண்டு கிரைண்டர் போதவில்லை, பெரியதாக ஒன்றும் ஃப்ரீசரும் வாங்கித் தனியாகப் புதுக் கடை போட வேண்டும், மூன்று லட்சம் ஆகும் என்றார். சார் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "நீங்க மகளிர். செம்பாக்கம் கார்ப்பரேஷன், இருபத்தஞ்சு பர்சென்ட்டு, எழுபத்தஞ்சாயிரம். ரோட்டைப் பிடிச்சுக் கொஞ்சம் போனா வேங்கைவாசல் பஞ்சாயத்து. முப்பத்தஞ்சு பர்சென்ட்டு. லட்சத்து அஞ்சாயிரம். முப்பதாயிரம் ரூபா ரோட்டுல கிடக்குதும்மா! கடைக்கு இடத்தை அங்க மாத்துங்க."

அக்கா சற்று யோசித்தார். "மாவு வாங்குறவங்க எல்லாம் இங்கதானே சார் இருக்காங்க? அவங்களையும் மாத்துறதுக்கு ஏதாவது ஸ்கீம் இருக்கா?"

டீக்கடையில் அன்று சார் இரண்டாவது டீ சொன்னார்.

ஆனால் சாரைக் கேலி செய்வதோடு நிறுத்தினால் பாவம் வந்து சேரும். அந்த அக்காவுக்கு வேண்டிய அத்தனை காகிதமும் அவர்தான் தயார் செய்தார், காலணா வாங்காமல். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கு அரசு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்குவதில்லை. அது தெரியாமல் ஏஜென்டிடம் ஆயிரம் இரண்டாயிரம் அழுதவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். சார் அதைத் தன் பழைய செல்போனில் பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார். மானியப் பணம் முதல் நாளே கைக்கு வராது என்பதையும் அவர்தான் சொன்னார்.

"பேங்க்ல உங்க கடன் பேர்லயே டி.டி.ஆர்.னு தனியா போட்டு வெச்சிருவாங்க. மூணு வருஷம் கடை ஒழுங்கா ஓடணும். வந்து பாப்பாங்க. அப்புறம்தான் கடன்ல கழியும். அதுவரைக்கும் அதைக் கண்ணால பாக்கலாம், கையால தொடக் கூடாது. எழுபத்தஞ்சாயிரம் கையில இருக்குன்னு நினைச்சுச் செலவு பண்றவன் வருஷம் திரும்புறதுக்குள்ள ஷட்டரை இறக்கிருவான்."

அந்தக் காலத்து ராஜாக்கள் மானியம் என்று வரியில்லாத நிலத்தையே எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வருஷம் வரப்பில் நின்று பார், அப்புறம் உழு என்று எந்தப் புலவருக்கும் செப்பேட்டில் எழுதியதாகத் தெரியவில்லை. புலவர்கள் கடை நடத்தாததால் வந்த சலுகை அது.

வங்கிக்குச் சாரும் கூடப் போனார், நானும் போனேன். சார் தயாரித்த திட்ட அறிக்கை நாற்பத்திரண்டு பக்கம். தாம்பரம் மக்கள் தொகையில் இட்லி சாப்பிடுவோர் விகிதத்துக்கே தனி அத்தியாயம். மேனேஜர் அதை விசிறி மாதிரி ஒரு தடவை புரட்டிவிட்டு, "தினம் எத்தனை கிலோ போகுது?" என்று கேட்டார். அறிக்கையில் ஐந்து வருஷத்துக்குப் பின்னால் எத்தனை கிலோ போகும் என்று இருந்தது. நேற்று எத்தனை போயிற்று என்று இல்லை. அக்கா கைப்பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினார். அரிசி, உளுந்து, கரண்ட், விற்றது, புளித்துப்போய்க் கொட்டியது என்று தினமும் ஒரு வரி. மேனேஜர் அதைப் பத்து நிமிடம் படித்தார். கடன் கிடைத்துவிட்டது.

திரும்பி வரும்போது சார் ஷேர் ஆட்டோவில் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் டீக்கடையில், "மாவுக் கடைக்கு நான்தான் மென்டார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவும் மறுக்கவில்லை. தினம் அரைக் கிலோ மாவு மட்டும் சாருக்கு இலவசமாகப் போகிறது. அதை அவர் 'கைம்மாறு' என்று சொல்வதில்லை, 'நூறு சதவீத மானியம்' என்கிறார்.

ஒருநாள் மஞ்சப்பையைத் துழாவும்போது பழுப்பேறிய காகிதம் ஒன்று கீழே விழுந்தது. பிரதமரின் ரோஜ்கார் யோஜனா விண்ணப்பம். 1993 அக்டோபர் 2-இல் தொடங்கிய திட்டம். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் படித்த வேலையற்ற இளைஞர்களுக்கு ஒரு லட்சம் வரை தொழில் கடன். அப்போது சாருக்கு முப்பது வயது, வேலை போய் வீட்டில் இருந்த சமயம். பெயர், விலாசம், படிப்பு எல்லாம் மணிமணியான கையெழுத்தில் நிரப்பியிருந்தது. 'தொடங்க உத்தேசித்துள்ள தொழில்' என்ற இடம் மட்டும் காலி.

"எஸ்.டி.டி. பூத்தா, ஜெராக்ஸா, ஒரு முடிவுக்கு வரல. அதுக்குள்ள கிண்டியில வேலை கிடைச்சுருச்சு" என்றார். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அதற்குப் பிறகு வந்த திட்டங்களில் பலவும் முப்பத்தைந்து, நாற்பத்தைந்து என்று வயது வரம்பு வைத்துச் சாரை வெளியே நிறுத்தின. வயது இடித்தது என்பதை அவர் ஒரு நிம்மதியாகவும் வைத்துக்கொண்டார். 2025 ஏப்ரலில் குன்றத்தூரில் கலைஞர் கைவினைத் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தபோதுதான் வந்தது வினை. அதில் முப்பத்தைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும்! மூன்று லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், உச்சவரம்பு ஐம்பதாயிரம், ஐந்து சதவீத வட்டிச் சலுகை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு திட்டம் சாரின் வயதைப் பார்த்து 'வாங்க' என்றது.

இருபத்தைந்து கைத்தொழில்களின் பட்டியலைச் சார் விரலால் தடவிக்கொண்டே போனார். மரவேலை, மண்பாண்டம், தையல், கூடை முடைதல், முடி திருத்துதல். விரல் ஒவ்வொன்றிலும் நின்று நின்று நகர்ந்தது. 'மலர் வேலைப்பாடுகள்' என்ற இடத்தில் நின்றுவிட்டது. என்னிடம் குனிந்து, "பூ கட்டக் கத்துக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார்.

"என்னா சார் அது? பூ கட்டுறவங்களுக்கா?" என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. பூக்காரம்மா. கை நிற்கவில்லை, நாரும் மல்லியும் தாமாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன.

சார் திரும்பிப் பார்த்தார். ஏழு வருஷமாக அந்தக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தெருவில் போகிற எல்லாரிடமும் வயது கேட்டவர், அந்த அம்மாவிடம் கேட்டதில்லை.

"உங்களுக்கு என்ன வயசும்மா?"

"நாப்பத்தெட்டு."

சார் புது ஃபாரம் ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தார். 'தொழில்' என்ற இடம் வந்தது. பேனா நிற்கவே இல்லை. 'அனுபவம்' என்ற இடத்தில் இருபத்திரண்டு வருஷம் என்று எழுதும்போது எழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது. "நாளைக்கு ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் கொண்டாங்க. மானியம் எவ்வளவு வரும்னு சொல்லட்டுமா?" என்றார்.

"அது இருக்கட்டும் சார்" என்றது அந்த அம்மா. "போன வெள்ளிக்கெழம ரெண்டு முழம், அதுக்கு முந்துன வெள்ளி ரெண்டு முழம், நூத்தி இருவது ரூவா நிக்குது. மொதல்ல அதக் குடுங்க. கவர்மெண்ட்டு காசு வர்றப்ப வரட்டும்."