சுண்ணாம்புக் கோடும் கௌரவ ஆளுநரும்: மடுல்சீமையை முன்வைத்து ஒரு தொல்லியல் ஆய்வு

மாகாண ஆளுநர் ஒருவர் மடுல்சீமைத் தோட்டப் பக்கம் வந்து போனார் என்பதை, அவர் போன பிறகு எதைக் கொண்டு நிறுவுவது? புகைப்படம் செல்லாது, அதில் ஆளுநர் உட்பட எல்லோரும் கெமராவைத்தான் பார்க்கிறார்கள். வரவேற்புப் பதாகை செல்லாது. மறுநாளே அது யாரோ ஒருவர் வீட்டு ஒழுகும் தகரத்தின் மேல் ஏறிவிடுகிறது. எஞ்சுவது சுண்ணாம்பு ஒன்றே. இதுவே இக்கட்டுரையின் துணிபு. மறுப்போர் மறுக்கலாம், பசறையில் பஸ் ஏறி, அத்தனை வளைவுகளையும் தாண்டி வந்து மறுக்க வேண்டும்.

முதலில் சொல்லாராய்ச்சி. அது இல்லாத கட்டுரையை அறிஞர்கள் தொடுவதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தப் பதவிக்காரரின் பெயர் தேசாதிபதி. முழுத் தீவுக்கும் ஒருவர். மலையில் காப்பி பரவ வழிசெய்த எட்வர்ட் பார்ன்ஸ் ஒரு தேசாதிபதி. 1886இல் ஊவா தனி மாகாணமானபோது இருந்த ஆர்தர் கோர்டன் இன்னொருவர். அவர்களெல்லாம் சீமையிலிருந்து வந்தார்கள். இப்போதுள்ளவர்கள் மடுல்சீமைக்கு வருகிறார்கள். சீமை இடம் மாறியதே தவிர வருகை மாறவில்லை. 'மடுல்' என்பது கொழுந்து மடுவத்தின் திரிபு என்பார் ஒரு சாரார் (சாயத்தண்ணிக் கடை வாய்மொழிப் பேரகராதி, இடது பெஞ்சுப் பதிப்பு). வலது பெஞ்சுப் பதிப்பு இதை வன்மையாகக் கண்டித்து, கடன் பாக்கியையும் நினைவூட்டுகிறது.

இனி வரலாறு. 1987இன் 13ஆவது திருத்தம் மாகாண சபையைத் தந்தது. கூடவே ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரையும் தந்தது. ஊவா மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2014 செப்டம்பர் 20இல். அந்தச் சபையின் ஆயுள் 2019இல் முடிந்தது. ஆக, மாகாண சபைக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். வாக்கே தேவைப்படாதவர் மட்டும் வருகிறார். தேவைப்படாதவர் எதற்கு வருகிறார் என்பதைத் தத்துவத் துறையினருக்கு விட்டுவிடுகிறேன்.

பதவிக்காலம் ஐந்தாண்டு என்பது சட்டம். 2024 என்ற ஒரே ஆண்டில் ஏ. ஜே. எம். முஸம்மில், அனுர விதானகமகே, கபில ஜயசேகர என மூவர் ஊவா ஆளுநர் நாற்காலியில் இருந்தார்கள் என்பது நடப்பு. பதுளையில் அரசியல் செய்த செந்தில் தொண்டமான் 2023இல் ஆளுநரானபோது கிழக்கு மாகாணத்துக்குப் போனார். மலையில் விளைவது மலைக்குக் கிடைக்காது என்ற தேயிலை விதி இங்கேயும் வேலை செய்வதைக் காண்க.

வருகை நான்கு வகைப்படும். கோயில் வருகை: பரிவட்டம் உண்டு. பாடசாலை வருகை: வெயிலில் பிள்ளைகள் உண்டு. திறப்பு வருகை: கத்தரிக்கோல் உண்டு, தண்ணீர்க் குழாயில் தண்ணீர் பிறகு. மண்சரிவு வருகை: 2014 அக்டோபர் 29, மீரியபெத்த. மேலே சொன்ன வாக்களிப்புக்கு ஆறு வாரம் கூட ஆகவில்லை. இந்த வகையை ஆராய எனக்கு மனமில்லை.

சுண்ணாம்புக்கு வருவோம்.

வருகைக்கு முதல் நாள் பாதையோரக் கற்களுக்கும் மதகுக்கும் சுண்ணாம்பு பூசுவது தொன்மரபு. ஐந்து ரூபாய்க் குற்றியால் மதகைச் சுரண்டினால், மரத்தின் உள்வளையங்களைப் போல அடுக்கடுக்காக வெள்ளை தெரியும். மேலடுக்கு மெல்லியது, தண்ணீர் அதிகம் கலந்தது, பொருளாதார நெருக்கடிக் காலம் என்று துணியலாம். அதன் கீழ் தடித்த அடுக்கு. யாரோ கையைத் தாராளமாக விட்டிருக்கிறார்கள். ஜனாதிபதியே வருவதாக வதந்தி இருந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் கல்லாகவே இறுகிப்போனது தொரைமார் காலம். (விரிவுக்கு: மதகுக் கல்வெட்டுகள், இரண்டாம் தொகுதி, 14ஆம் அடிக்குறிப்பின் அடிக்குறிப்பு, பாசி பிடித்த பிரதி. முதல் தொகுதியை ஐப்பசி மழை கொண்டுபோயிற்று.)

கல்லின் பாதையைப் பார்த்த முகத்துக்கு மட்டும்தான் சுண்ணாம்பு. லயத்தைப் பார்த்த முகத்துக்குப் பாசி. ஆளுநர் வாகனத்தை விட்டு இறங்கிக் கல்லைச் சுற்றி வந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கோடு எங்கே முடிகிறது என்பதில்தான் அறிஞர் உலகம் இரண்டுபட்டிருக்கிறது. மேட்டு லயப் பள்ளியினர், ஆளுநர் திரும்பிய இடத்தில் கோடு முடிந்தது என்பர். கீழ் டிவிசன் பள்ளியினர், கோடு முடிந்ததால்தான் ஆளுநர் திரும்பினார் என்பர். நான் கீழ் டிவிசன் கட்சி. சுண்ணாம்பு முதல் நாளே காய்ந்துவிடுகிறது. ஆளுநர் மறுநாள் வருகிறார். காரணம் முந்தியது, காரியம் பிந்தியது. இதற்கு மேட்டு லயத்தார் இன்னும் பதில் எழுதவில்லை. அவர்களுக்குத் தெருவே மதகு வரைதான் என்பதால் எழுதவும் மாட்டார்கள். மதகு தாண்டிய பாதை எந்த அடுக்கிலும் பதிவாகவில்லை. அதில் பிள்ளைத்தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதைகள் உண்டு. ஆனால் வாய்மொழி வழக்காறுகள் எனது ஆய்வு எல்லைக்கு வெளியே.

எல்லை என்றதும் ஒன்று. 2023இல் மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு என்று கொண்டாடினோம். உடனே கருத்தரங்குக்காரர்கள் கூடி, முதல் ஆள் காலடி வைத்தது 1823தானா, முன்னா, பின்னா என்று மோதிக்கொண்டார்கள். அவர்களும் எங்கள் மதகு வரை வந்தார்கள். ஒரு பாட்டியிடம் மூன்று கேள்வி கேட்டார்கள், "எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்ற நான்காவது கேள்வியில்தான் உண்மையான ஆர்வம் தெரிந்தது. அவர்களுக்குச் சுண்ணாம்பு பூசுவதில்லை என்ற ஒரே வித்தியாசத்தால் அந்த வருகையை நிறுவ இன்றுவரை சான்று கிடைக்கவில்லை.

கள ஆய்வின் இறுதியில், பல வருகைகளுக்கு வாளி தூக்கிய ஒருவரைக் கண்டுபிடித்தேன். ஆளுநரை எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள் அண்ணே என்றேன்.

"எங்கிட்டுப் பாக்குறது? வர்ற அன்னைக்கு நம்மள மலைக்கு அனுப்பிருவாய்ங்க. கையெல்லாம் வெந்து கெடக்குன்னு கணக்கப்பிள்ளைகிட்ட சொன்னேன். சுண்ணாம்பு அடிச்ச நாளுக்கு அரைப் பேருதான் போட்டாரு."