ஏலத்தில் போன பூசணிக்காய்

வாலே மஸ்கட்டு, உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கும் என்னை மாதிரி ஒரு கால் சரியில்ல. கட்டில்லயே இரு. மூஞ்சி ஏன் இப்படித் தொங்கிப்போய்க் கெடக்கு? 11,500 ரூபாய்க்குப் பூசணிக்காய் எடுத்தவன் மூஞ்சி மாதிரியா இருக்கு? பூசணிக்காய் உன்னை ஏலத்துல எடுத்த மாதிரில்ல இருக்கு!

நானும் வேப்பமரத்தடியில உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அறுப்பின் பண்டிகை ஏலத்துல நீ ஆயிரம்னா மேலத்தெருக்காரன் ரெண்டாயிரம்ங்கான். அவன் ரெண்டாயிரம்னா நீ மூவாயிரம்ங்க. ஏலம் ஏற ஏற, பூசணியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்ன கோயில்குட்டியாருக்குக் கை எறங்கிக்கிட்டே வருது. ஏழு கிலோ இருக்கும்லா? ஒன்பதாயிரம் தாண்டும்போது மனுசன் தலையில தூக்கி வச்சுக்கிட்டாரு. சபை ஐயருக்குச் சிரிப்புத் தாங்கல. வேதப்புத்தகத்தை வச்சு வாயை மறைச்சுக்கிட்டாரு. நீ கவனிச்சிருக்க மாட்ட. உனக்கு மைக்கு மேலதான கண்ணு?

அங்க ஏலம் போனது பூசணிக்காய்னா நெனைக்க? மைக்குலே! உன் பேரை மைக்குல வாசிக்கதைத்தான் நீ 11,500-க்கு எடுத்த. பூசணி அதுக்குக் கொசுறு. அந்தப் பேரையும் இனிஷியல் மாத்தி, ரெண்டாவதா வாசிச்சுட்டாகன்னுதான இப்ப எங்கிட்ட நியாயம் கேக்க வந்திருக்க?

போன வருசம் கோயிலுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்த. நல்ல காரியம், காத்தும் நல்லா வருது. மூணு எறக்கையிலயும் உன் பேரை எழுதி வச்ச பாரு, அதுதான் வெனை. சுத்துனா எவனுக்கும் படிக்க முடியல. பிரசங்கத்து நடுவுல கரண்டு போனா ஊரே விசிறி தேடுது, நீ மட்டும் அண்ணாந்து பாத்துச் சிரிக்க. காத்துக்கு ஃபேன் கொடுத்துட்டு, காத்து நிக்கணும்னு ஜெபம் பண்ணுத ஆளு இந்தச் சேகரத்துலயே நீ ஒருத்தன்தாம்லே.

சரி, புத்தி கேட்டு வந்துட்ட. ஞானம் எங்க கெடைக்கும்னா, நம்ம பக்கத்துல பேரே மெய்ஞ்ஞானபுரம்னு ஒரு ஊர் இருக்கு. ஜான் தாமஸ் ஐயர் கட்டுன கோயில், 192 அடி கோபுரம். தேரி மணல்ல எம்புட்டுத் தூரத்துல நின்னாலும் தெரியும். அந்த ஊர்ல பொறந்தா ஞானம் வந்துரும்னு நெனைச்சிராத. அப்படிப் பாத்தா உடன்குடியில பொறந்தவன் பூராக் கூட உக்காந்துல்ல குடிக்கணும்!

சாலொமோன் ராஜா ஆஸ்தி கேக்காம ஞானம் கேட்டாருன்னு ஓய்வுநாள் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்ப. கேட்டாரு, கெடைச்சுது. கேக்காத ஆஸ்தியும் சேந்து வந்துது. அப்பொறம் என்ன ஆச்சு? பொண்டாட்டி 700, வைப்பாட்டி 300. எனக்கு ஒருத்திதான். அதுக்கே வீட்டுல இருக்க ஞானம் பூரா அவ கையிலதான் இருக்கு, எனக்கு அப்பப்ப கொஞ்சம் கிள்ளித் தருவா. சாலொமோன் வீட்டுல ஆயிரம் பேரு கிள்ளுனா அவருக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

அவரு மவன் ரெகொபெயாம் அதுக்கும் மேல. வரியைக் கொறைச்சுக் கேட்டு ஜனம் வந்து நிக்கி. கொறைன்னு பெரியவங்க சொன்னாக, ஏத்துன்னு கூட்டாளிப் பயலுவ சொன்னானுவ. அவன் பயலுவ பேச்சைக் கேட்டான். 12 கோத்திரத்துல 10 கோத்திரம் போச்சு. ஏன் சொல்லுதேன்னா, நான் பேசி முடிக்கதுக்குள்ள நீ எந்திரிச்சுப் போகப்பிடாது.

என் கதையையும் கேளு. எனக்கு 19 வயசு அப்ப. கெணத்தடியில உங்க ஆச்சி தண்ணி எறைச்சுக்கிட்டு நிக்கா. 60 அடி ஒத்தைப்பனை. கால்ல தளைநார் மாட்டாம, முருக்குத்தடியும் எடுக்காம, வெறுங்கையோட ஏறுனேன். பாளை வரைக்கும் போயாச்சு. அவ பாக்காளான்னு குனிஞ்சா, கெணறு கலயத்து வாயளவுக்குத் தெரியுது. தொடை ரெண்டும் தந்தி அடிக்கி. மட்டையைக் கட்டிப் பிடிச்சேன், கருக்கு நெஞ்சைக் கிழிக்கி. ஒரு மணி நேரம் அங்கயே தொங்கினேன். கடைசியில அவ அப்பாதான் தளைநார் போட்டு ஏறி வந்து, என் காலை ஒண்ணொண்ணாப் பிடிச்சு வச்சு எறக்கி விட்டாரு. அவ குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டுக் கேட்டா, ‘ஏறத் தெரிஞ்சவருக்கு எறங்க ஆள் வேணுமோ?’ன்னு. எறக்கி விட்ட கூலிக்கு அவளையே எனக்குக் கட்டி வச்சாரு மாமனாரு. இன்னும் தீத்துக்கிட்டு இருக்கேன்.

அதுக்கப்பொறம் நாளைக்கு நாப்பது மரம், ரெண்டு நேரம் ஏறி எறங்கியிருக்கேன். அதனாலதான் வேதத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு சகேயு. எரிகோ ஊர்ல ஆயக்காரங்களுக்குத் தலைவன், காசுக்காரன், ஆளு குள்ளம். இயேசு வாராருன்னு காட்டத்தி மரத்துல ஏறுனான். ஆனா உனக்கும் அவனுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு மக்கா. அவன் பாக்க ஏறுனான். நீ தெரிய ஏறுத.

கீழ வந்து நின்னவரு, ‘நல்ல எடத்துல உக்காந்திருக்கியே’ன்னா சொன்னாரு? சீக்கிரம் எறங்கி வா, இன்னைக்கு உன் வீட்டுலதான் தங்கணும்னுட்டாரு. எறங்குனான். தளைநார் இல்லாமயே எறங்கிட்டான் பாரு, அதுதான் எனக்கு ஆச்சரியம். எறங்குன பொறகு சொத்துல பாதி ஏழைகளுக்குன்னான். யாரையாவது ஏமாத்தியிருந்தா நாலு மடங்காத் திருப்பித் தாரேன்னான். நான் ஒரு நாள் கருப்பட்டிக் கணக்கு மாதிரி இதையும் போட்டுப் பாத்தேன். பாதி போனா மிச்சம் பாதி. அதுலருந்து நாலு மடங்கு கொடுக்கணும். அப்ப மொத்தச் சொத்துல எட்டுல ஒரு பங்குக்கு மேல அடிச்சிருந்தான்னா, மனுசன் கட்டுன துணியோடதான் நிக்கணும். அவன் தொழிலுக்கு எட்டுல ஒரு பங்கு எல்லாம் ரொம்பக் கொறைச்சல். தெரிஞ்சேதான் சொல்லியிருக்கான். மைக்கும் இல்ல, ஃபேனும் இல்ல. இத்தனைக்கும் பேரு இன்னைக்கு வரைக்கும் நிக்கி, அதுவும் இனிஷியல் இல்லாம.

உங்க ஆச்சி உலையில அரிசி போடுததைப் பாத்திருக்கியா? ரேசன் அரிசிதான். ஒவ்வொரு நேரமும் ஒரு பிடி எடுத்து மொறத்துல தனியா வைப்பா. கண்ணு சரியாத் தெரியாது, ஜன்னல் பக்கமாத் திருப்பி வச்சுக் கல்லு பொறுக்குவா. சுத்தமான பொறகு அது பிடியரிசிக் கலயத்துக்குப் போகும், ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு. நம்ம சோத்துக்கு உள்ள அரிசியில கல்லு பொறுக்கதுக்கு அவளுக்கு நேரம் இருக்காது. எனக்குப் பல்லு போனது வயசாகித்தான்னு ஊர்ல சொல்லுதாக. நானும் ஒண்ணும் சொல்லிக்கிடுதது இல்ல.

எருசலேம் ஆலயத்துல ஒரு விதவை ரெண்டு காசு போட்டா. பணக்காரங்க அள்ளி அள்ளிப் போட்டதை விட்டுட்டு, காணிக்கைப் பெட்டிக்கு எதுத்தாப்புல உக்காந்து ஆண்டவரு அந்த ரெண்டு காசைப் பாத்தாரு. நல்ல வேளை, நம்ம பண்டிகைக் கமிட்டி அங்க இல்ல. இருந்தா கீழ ஆயிரத்துல ஆரம்பிங்கன்னு அவளைத் திருப்பி அனுப்பியிருப்பாக.

என்னலே எந்திரிக்க? இரு, ஒண்ணு கேக்கணும். நீ எடுத்த அந்தப் பூசணி, காம்புக்குப் பக்கத்துல கோழி கொத்துன வடு ஒண்ணு இருக்குமே, பாத்தியா? இருக்கும். நம்ம வீட்டுப் பொறவாசல் குப்பைமேட்டுல தானா மொளைச்சது அது. விதை போடல, தண்ணி ஊத்தல. ஆண்டவரு சும்மா தந்ததுன்னு உங்க ஆச்சி தலையில சொமந்துக்கிட்டுப் போய் வச்சா. அவ பேரை எவனும் வாசிக்கல. அவளும் கேக்கல. முட்டு வலிக்குன்னு அன்னைக்கு ராத்திரி என்னைத்தான் தைலம் தேய்க்கச் சொன்னா.

அழுகுததுக்குள்ள அதைக் கொண்டா. ஆச்சி கறி வைப்பா. மேலத்தெருக்காரனையும் கையோட கூட்டிட்டு வா, அவனும் பதினோராயிரம் வரைக்கும் ஏறுன பயதான், பசியோட இருப்பான். விதையை மட்டும் தூர எறிஞ்சிராதிய. அந்தக் குப்பைமேட்டுலயே போட்டு வைப்போம், அடுத்த வருச ஏலத்துக்கு வேணும்லா?