பங்கு பிரியாத நெல்லு

என்னலே பேராண்டி, மூணு நாளா உன் லேப்டாப்பு ராப்பகலா இரையுதே, கரண்டு பில்லு கட்டுத கிழவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாண்டாமா? மெர்சேன் பகா எண் தேடுதியாக்கும்! தேடு, தேடு. காணாமப் போன ஆட்டை நானும் தேடியிருக்கேன். அடுத்த ஆடு உண்டா இல்லையான்னே இதுவரை எவனும் நிரூபிக்காத காட்டுல தேடுதவன் நீதாம்லே.

சங்கதி என்னன்னா, மொதக் கட்டத்துல ஒரு நெல்லு வையி. அடுத்ததுல 2, பொறவு 4, 8ன்னு இரட்டிச்சுக்கிட்டே போ. 3 கட்டத்துக்கு மொத்தம் 7 நெல்லு, 5 கட்டத்துக்கு 31. எத்தனை பங்காளி வந்து உக்காந்தாலும் சமமாப் பிரியாது. ஒருத்தனே அள்ளணும், இல்ல ஆளுக்கு ஒத்த நெல்லு. இப்படிப் பிரியாத குவியலுக்குத்தாம்லே மெர்சேன் பகா எண்ணுன்னு பேரு. 4 கட்டம்னா 15, மூணு பேரு அஞ்சஞ்சா வாங்கிட்டு நடையைக் கட்டிருவான். கட்டத்தோட எண்ணிக்கை பகா எண்ணா இருந்தாத்தான் குவியலும் பகா எண்ணா அமையும். அப்பவும் நம்பிராதே. 11 கட்டத்துக்கு 2047, அதை 23 பேரு ஆளுக்கு 89 போட்டுப் பிரிச்சிருவான்.

2024 அக்டோபர்ல அமெரிக்காக்காரரு லூக் டூராண்ட் கண்ட குவியலுக்கு 13,62,79,841 கட்டம். மொத்தத்தை எழுத 4,10,24,320 இலக்கம். நொடிக்கு ஒண்ணா வாசிச்சா, சோறு தூக்கம் இல்லாம 475 நாளு. கடைசி இலக்கம் 1, அங்க வாரதுக்குள்ள உனக்குத் தாடி மொளைச்சிரும். அவரு என்ன, உன்னைமாதிரி ஒத்த லேப்டாப்பையா போட்டு வறுத்தாரு? 17 நாட்டு மெஷினைப் பூட்டி உழுதாரு. டப்ளின்ல ஒரு மெஷின் துப்புக் கொடுக்க, டெக்சாஸ்ல இன்னொண்ணு உறுதி பண்ணிச்சு.

இம்புட்டு நெல்லை எவன் பிரிச்சுப் பாத்தான்னு கேக்கியா? பிரிக்கவே இல்லலே, அதாம் சூட்சுமம்! லூக்காஸும் லெஹ்மரும்னு ரெண்டு கணக்குப் புலிங்க சொன்ன வழி. 4ல ஆரம்பி. அதை அதாலயே பெருக்கி ரெண்டைக் கழி: 14. மறுபடி அப்படியே: 194. அதை 5 கட்டத்துக் குவியலான 31ஆல வகுத்தா மீதி 8. இன்னொருக்கா: 62, மீதி பூஜ்யம். கட்டத்துல ரெண்டு குறைச்சு அத்தனை தடவை செஞ்சு பூஜ்யத்துல நின்னா, குவியல் பிரியாது. 31க்கு மூணே தடவை. டூராண்டுக்குப் பதிமூணு கோடியைத் தாண்டி.

பிரியும்னு தெரிஞ்சும் பங்கு தெரியாமக் கெடந்த குவியலும் உண்டு. 67 கட்டம் பிரியாதுன்னு மெர்சேன் பாதிரியாரு 1644ல எழுதிப்போட்டாரு. 1876ல லூக்காஸ் பிரியும்னாரு, எத்தனை பேருக்குன்னு அவருக்கும் தெரியல. 1903ல நியூயார்க்குல கோல்னு ஒரு வாத்தியாரு, வாயே தொறக்காமப் பலகைல பெருக்கிக் காட்டுனாரு: 19,37,07,721 பங்கு! எம்புட்டு நாளாச்சுன்னு கேட்டதுக்கு, மூணு வருச ஞாயித்துக்கெழமைன்னாராம். வீட்டம்மா என்ன சொன்னாளோ, அதை ஒருத்தனும் எழுதி வைக்கல.

நீயும் ஓட்டுலே, நான் மறிக்கல. பத்துக் கோடி இலக்கத்துல ஒண்ணு மொதல்ல கண்டா 1,50,000 டாலராமே? ரெண்டால வகுபடுது, பாத்துட்டேன்.