10 கோர் மைத்துனன்

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து என் அறைக்குள் வந்த மைத்துனன், மேஜைக்கடியில் இருந்த டெஸ்க்டாப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, இன்னும் ஐ5-லயே ஓட்டுறீங்க?" என்றான். அவன் கையில் புது லேப்டாப். கீபோர்டு ஓரத்தில் ஐ7 ஸ்டிக்கர். "10 கோர்" என்றான். என்னுடையதில் 6. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்த 4 கோர் வித்தியாசம் அப்படியே தெரிந்தது.

அவன் கிளம்பிய பிறகு நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். இரண்டு மாடல் நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பால் பாக்கெட் வந்துவிட்டது.

அவனுடையது 1255யூ, என்னுடையது 12400. இரண்டும் இன்டெல்லின் 12-ஆம் தலைமுறை, 2022-இல் வந்தவை. அவன் பீற்றிக்கொண்ட பத்தில் பெரிய கோர் 2 மட்டுமே. மீதி 8-ம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற சின்னக் கோர்கள். என்னுடைய 6-ம் பெரியவை. த்ரெட் இரண்டுக்கும் 12. அவனுக்கு அடிப்படை 15 வாட், எனக்கு 65. அவனுடையது அவசரத்துக்கு 55 வாட் வரை தாவும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மெல்லிய உடம்புக்குள் சூடு போக வழி ஏது? கொஞ்ச நேரத்தில் ஃபேன் கத்தும், கீபோர்டின் மேல் வரிசை சுடும், வேகம் தானாக இறங்கிவிடும். சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையை ஓடவிட்டு முதல் சுற்று ஸ்கோரைக் குடும்ப குரூப்பில் போடுகிறவர்கள் உண்டு. பத்தாவது நிமிடத்து ஸ்கோரைப் போட்டவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆக, லேப்டாப் வாங்கலாமா டெஸ்க்டாப் வாங்கலாமா என்று சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் மாடல் நம்பரின் கடைசியில் நிற்கிற இந்த எழுத்து விவகாரத்தை மட்டும் முடித்துவிடுகிறேன்.

சென்னையில் பெசன்ட் நகர் போகிறவர் 29-ஆம் நம்பர் பஸ் வருகிறது என்று ஏறிவிடுவாரா? பின்னால் 'சி' இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். 15 ரூபாய் டிக்கெட்டுக்கு அவ்வளவு ஜாக்கிரதை. அதே ஆள் 70,000 ரூபாயை எண்ணிக் கொடுக்கும்போது ஐ7 என்பதோடு கண்ணை மூடிக்கொள்கிறார். அந்த 12-ஆம் தலைமுறையையே எடுங்கள். யூ என்றால் பெரும்பாலும் 15 வாட், பி என்றால் 28, எச் என்றால் 45, எச்எக்ஸ் என்றால் 55. எல்லாவற்றிலும் ஐ7 உண்டு. டெஸ்க்டாப் பக்கம் வந்தால் டி என்றால் 35 வாட், எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, கே என்றால் வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம், அதற்கு மின்சார வாரியம் வேறு ஆனந்தப்படும். ஒரு காலத்தில் ஒய் என்றும் ஒன்று இருந்தது. 7-ஆம் தலைமுறையின் ஐ7-7ஒய்75. வெறும் 4.5 வாட். அதற்கும் நெற்றியில் ஐ7!

இதைவிடக் கொடுமை, அதே 7-ஆம் தலைமுறையில் ஐ7-7500யூ என்று ஒரு லேப்டாப் சிப், ஐ5-7500 என்று ஒரு டெஸ்க்டாப் சிப். நம்பர் இரண்டிலும் 7500. ஐ7-க்கு 2 கோர், ஐ5-க்கு 4. பெரிய பட்டம் வாங்கியவனுக்குப் பாதிக் கோர். அப்போதே யாராவது தெருவில் இறங்கிப் போராடியிருக்க வேண்டும். நாம் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருந்தோம்.

இந்தக் குழப்பம் போதாதென்று 2023 கடைசியில் அந்த 'ஐ'-யையே எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அதன் பிறகு கோர் அல்ட்ரா 7 155எச் என்று ஒன்று, அல்ட்ரா இல்லாமல் கோர் 7 150யூ என்று ஒன்று. பின்னது பழைய சரக்கு, புதுப் பெயர்.

எங்கே விட்டேன்? லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா. இருங்கள், ஏஎம்டியை விட்டால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2022-இல் அவர்கள் தங்கள் லேப்டாப் நம்பர்களைப் படிப்பதற்கென்றே ஒரு வட்டச் சக்கரப் படம் வெளியிட்டார்கள். பெயரைப் படிக்கச் சக்கரம்! அந்தச் சக்கரத்தின்படி மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும். ரைசன் 5 7520யூ-வில் அது 2. அப்படியென்றால் உள்ளே இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. முன்னால் நிற்கிற 7-ஐ நம்பிப் புதுசு என்று வாங்கியவர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

லேப்டாப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் ஆப்பிள் எம்1 என்ற ஒரே சிப்பை ஃபேனே இல்லாத மேக்புக் ஏரிலும் வைத்தது, மேஜையில் உட்காரும் மேக் மினியிலும் வைத்தது. சின்ன வேலைக்கு இரண்டும் ஒன்றுதான், நீண்ட வேலையில்தான் ஃபேன் இல்லாதது மூச்சு வாங்கும். கரண்ட் போனால் என் 65 வாட் வீரம் யுபிஎஸ் கத்துகிற வரைக்கும்தான், மைத்துனன் படம் பார்த்துக்கொண்டிருப்பான். அதைவிடப் பெரிய உண்மை, இரண்டிலும் நடக்கிற வேலை என்ன? அவன் எக்செல் திறக்கிறான். நான் தமிழ் டைப் அடிக்கிறேன். 'ழ' அடிக்க எத்தனை கோர் வேண்டும் என்று எந்தப் பெஞ்ச்மார்க்கும் எனக்குச் சொன்னதில்லை.

இருந்தாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. 100 ரூபாய் எல்.இ.டி. பல்பு வாங்கினால் அட்டைப்பெட்டியில் 9 வாட் என்று பெரிதாகப் போட்டுக் கொடுக்கிறார்கள். லேப்டாப்பில் அதே சிப்புக்கு ஒரு கம்பெனி 15 வாட் கொடுக்கிறது, இன்னொன்று 28 கொடுக்கிறது. பெட்டியில் அதைப் பெரும்பாலும் போடுவதில்லை. லேப்டாப் விற்கும் கம்பெனிக்காரர்களே, அந்த ஐ7 ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் எத்தனை வாட் என்று இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒட்டுகிற வரைக்கும், 10 கோர் என்று சொல்லிக்கொண்டு யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால், சாப்பாடு போடுவதற்கு முன்பே கடைசி எழுத்து என்ன என்று கேட்டுவிடுங்கள்.